ஓட்டலுக்கு முன்னால் வந்த வாசல்

பஸ்ஸில் டிக்கெட் எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தாலும், செக்கிங் ஏறினால் எனக்கு வியர்த்துவிடும். கோயிலில் யாராவது செருப்பைக் காணோம் என்று சொன்னால் உடனே குனிந்து என் காலைப் பார்ப்பேன், ஒருவேளை நான்தான் போட்டுக்கொண்டு வந்துவிட்டேனோ என்று. இந்தச் சுபாவத்தை வைத்துக்கொண்டு நான் கட்டட வேலைக்கு வந்திருக்கக் கூடாது. எங்காவது ஓரிடத்தில் விரிசல் விழுந்துகொண்டே இருக்கும் தொழில் அது. பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அடுத்தவர் சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லிவைப்பதுதான். அப்படிச் சொல்லிவைத்த ஒன்று, கொட்டாம்பட்டிப் பக்கம் கொஞ்ச காலம் சாமியாக இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மதுரை ஆனையூரில் ஒரு தகர ஷெட் பிடித்து, சுவர்களைத் தரையில் படுக்கவைத்து வார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி வலையில் சிமெண்டைப் பூசி, நாலடி அகலத்தில் பலகை பலகையாகச் செய்து, ஈரச்சாக்கு போட்டு நனைத்துக் காயவைத்து, லாரியில் கொண்டுபோய், கிரேனில் தூக்கி நிறுத்தி, இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் கட்டடம். வேண்டாமென்றால் கழற்றி வேறு இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் எங்களுக்கு ‘அப்பளக் கம்பெனி’ என்று பேர். எனக்கோ அந்த வேலையில் ஒரு தனி நிம்மதி இருந்தது. அதற்கு முன் சாதாரணக் கட்டடங்களுக்கு ஆற்று மணலை லாரி லாரியாகக் கொட்டிய காலத்தில், வைகைப் பாலத்தைக் கடக்கும்போது கீழே பார்க்காமல் சுவர் விளம்பரங்களைப் படித்துக்கொண்டே போவேன். இந்தப் பலகைகளுக்கு மணல் கொஞ்சம்தான். ஆற்றை ஓரக்கண்ணால் பார்க்கலாம் என்கிற அளவுக்கு வந்திருந்தேன்.

அப்போதுதான் அந்த அக்கா ஷெட்டுக்கு வந்தார். நகரத்துக்குள் மெஸ் நடத்தியவர். சௌராஷ்டிரக் குடும்பம். என்னிடம் மதுரைத் தமிழில் பேசுவார். செல்ஃபோனில் கணவரிடம் தங்கள் வீட்டு மொழியில் பேசுவார். மொழி மாறிய நிமிடத்தில் என்னைத்தான் திட்டுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வேன். பின்னாளில் கேட்டபோது, பெரும்பாலும் வெங்காயம் வாங்கி வைக்கச் சொன்னதாகச் சொன்னார்.

கொட்டாம்பட்டிக்குச் சற்று முன்னால் திருச்சி ரோட்டை ஒட்டி இடம் வாங்கியிருந்தார். ஓட்டல் கட்ட வேண்டும். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. எவ்வளவு தூரம் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கழற்றி மாட்டுகிற கட்டடம் என்றால் பயமில்லை என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்திருந்தார்.

“பழைய மெஸ்ஸு வாடகைக் கட்டடம், தம்பி. யாரோ வச்ச வாசல்ல போயி நான் உக்காந்தேன். அடுப்படியில காத்து கெடயாது. தண்ணிக்கு லாரியப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். கடேசில இழுத்து மூடியாச்சு. இது எங் கையால வைக்கிற வாசலா இருக்கணும். எல்லாம் சாஸ்திரப்படி இருக்கணும். மூச்சு விடுற கட்டடமாவும் இருக்கணும்.”

“இருக்கும்க்கா. மூச்சு விடலைன்னா கழட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்.”

அவர் சிரிக்கவில்லை. நான் அவசரமாக நோட்டை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தேன்.

வரைபடம் போட உட்கார்ந்தபோது சாஸ்திரமும் அப்பளமும் ஆச்சரியமாக ஒத்துப்போயின. நடுவில் முற்றம் வைத்தேன். வெயில் மேலே போக, காற்று கீழே வர, கூரைத் தண்ணீர் முழுவதும் முற்றத்தில் இறங்கிக் கிணற்றுக்குப் போக வழி செய்தேன். அடுப்படியை அக்னி மூலையான தென்கிழக்கில் வைத்ததும், மேற்கிலிருந்து அடிக்கிற ஆடிக்காற்று புகையைச் சாப்பிடுகிறவர்கள் பக்கம் வரவிடாமல் வெளியே தள்ளிவிடும் என்று தெரிந்தது. மனையடி சாஸ்திரத்தில் அறையின் உள்ளளவு பதினாறு அடி ஆகும், இருபது அடி ஆகும், பதினெட்டு ஆகவே ஆகாது. என் பலகையோ நாலடி. நாலு நாலாகச் சேர்த்தால் பதினாறும் இருபதும் தானாக வரும். பதினெட்டு வேண்டுமென்று கெஞ்சினாலும் வராது. முன்கூடத்துக்குக் கிழக்குப் பார்த்த சுவர்: வாசலுக்கு இந்தப் பக்கம் இரண்டு பலகை, அந்தப் பக்கம் இரண்டு பலகை, நடுவில் நாலடி நிலை. ஆக இருபது. மனையடி எழுதிய ஆள் ஆனையூர் ஷெட்டில் வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

சிரித்துவிட்டுக் கேட்டார். “நிலை என்னைக்கி வைக்கிறோம்?”

நம் ஊரில் கட்டடம் எழும்புவதற்கு முன் நிலை வைத்துவிட வேண்டும். நல்ல நேரம் பார்த்து, வாசல்காலை நிறுத்தி, பூசை முடித்த பிறகுதான் இரண்டு பக்கமும் சுவர் வளரும். நான் அதை மறந்தே போயிருந்தேன். என் முறையில் முன்பக்கச் சுவர்தான் கடைசி. முன்பக்கம் திறந்து கிடந்தால்தான் கிரேன் உள்ளே வந்து மற்ற பலகைகளை நிறுத்த முடியும்.

“அக்கா, நம்ம கட்டடத்துல வாசல்தான் கடேசி. கிரேன் அந்த வழியாத்தான் உள்ள வரணும்.”

“கிரேனைப் பின்னாடி வரச் சொல்லு.”

“பின்னாடி கடலைக் கொல்லைக்கா. அடுத்தவுக வெள்ளாமை.”

“அப்ப அவுக கடலை எடுத்த பெறகு வரட்டும். வாசல் முன்னாடி வந்துரட்டும்.”

இப்படித்தான் உலகத்தில் வேறு யாரும் செய்யாத அந்த வேலையை நாங்கள் செய்தோம். ஆவணியில் முகூர்த்தம். அஸ்திவாரம் போட்டு மூடிய வெற்றுத் தரையில், வேங்கை மரத்தில் செய்த நிலையைக் கொண்டுவந்து இறக்கினோம். மேல் சட்டத்தில் தாமரையில் அமர்ந்த லட்சுமி, இரண்டு பக்கமும் தும்பிக்கை தூக்கிய யானைகள். அக்கா வீட்டுப் பெண்கள் வேனில் வந்திறங்கி, நிலையைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டினார்கள். அடியில் நவதானியமும் ஒரு துளி பொன்னும் போட்டு நிலையை நிறுத்தினோம். சவுக்குக் கம்பால் முட்டுக்கொடுத்தோம். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். பொட்டல் வெளியில் வாசல் மட்டும் நின்றது.

என்னோடு கிரேன் வேலையும் போல்ட் வேலையும் பார்க்கிற கூட்டாளி கொட்டாம்பட்டியை ஒட்டிய ஊர்க்காரன். ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். யார் யாருக்கு மாப்பிள்ளை என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அவன் இடுப்பில் கைவைத்து நின்று நிலையைப் பார்த்தான்.

“மாப்ள, சட்டையே தைக்கல. பொத்தானை மட்டும் வச்சுட்டுப் போறாக.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. காற்று அடித்தால் நிலை சாய்ந்துவிடும் என்று பயம். காலையில் சூரியனைக் கும்பிடுவதற்கு முன் தூக்குக்குண்டு பிடித்து நிலையின் நேரைப் பார்ப்பேன். அதைவிட விசித்திரம், யாருமே அந்த நிலையைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. நாலு பக்கமும் வெட்டவெளி. ஆனால் சிமெண்டுச் சட்டியோடு வருகிற சித்தாள்கூட வளைந்து வந்து, படியை மிதிக்காமல் தாண்டி, வாசல் வழியாகத்தான் ‘உள்ளே’ போவார். செருப்புகள் வாசலுக்கு வெளியே வரிசையாகக் கிடக்கும். ஒருநாள் அவசரத்தில் நான் பக்கவாட்டில் நடந்துவிட்டேன்.

“மாப்ள, செவத்துக்குள்ள நடக்குற,” என்றான் கூட்டாளி.

அன்று முழுவதும் சுவரில் கன்னம் வைத்து வீடு புகுந்தவன் மாதிரி ஓர் உறுத்தல்.

பின்னால் இருந்த கடலைக் கொல்லைக்குக் களை எடுக்க ரோட்டுக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வருவார். முப்பது வயது இருக்கலாம். தூக்குவாளியோடு ஒருநாள் வாசல் முன்னால் நின்றுவிட்டார்.

“ஏண்ணே, வாசல் இருக்கு. வீடு எங்க?”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “வீடு உள்ளதான்மா இருக்கு. பக்தி இருந்தாத் தெரியும்.”

அவர் எட்டிப் பார்த்தார். “எனக்குக் கடலைச் செடிதான் தெரியுது.”

“அப்பப் பக்தி பத்தல. வெள்ளிக்கிழம வந்து பாரு.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். கூட்டாளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் போய்ச் சொன்னான். டீக்கடைக்காரர் டவுன் பஸ் கண்டக்டரிடம் சொன்னார். கதை ரோட்டைத் தாண்டி எங்கெங்கோ போய்த் திரும்பி வரும்போது சிரிப்பை வழியிலேயே விட்டுவிட்டு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நிலைப்படியில் இரண்டு எலுமிச்சம்பழமும் அணைந்த சூடமும் இருந்தன.

நான் முதலில் பார்த்தது சூடக் கரியை. வேங்கை மரத்தில் கரி. உள்ளங்கால் வரை வியர்த்தது. துடைத்தேன். மறுவாரம் மறுபடி கரி. லாரிக்காரர்கள் ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து கும்பிட்டார்கள். ஒரு டிரைவர் என்னைப் பார்த்து, “அண்ணே, வாசலம்மனை இடமிருந்து சுத்தணுமா, இல்ல நடுவுல பூந்து வரணுமா?” என்று கேட்டார். வாசலம்மன். பேரும் வைத்தாயிற்று. ‘ஓட்டல் கட்டுமானப் பணி நடைபெறுகிறது’ என்று ஒரு தகரப் பலகை எழுதி வைத்தேன். அதற்கும் யாரோ சந்தனம் வைத்துவிட்டார்கள்.

உடைத்த தேங்காய்களைக் கூட்டாளி வீட்டுக்குக் கொண்டுபோனான். “சாமி குத்தம் ஆயிராதா?” என்று கேட்டேன்.

“சாமிய உண்டாக்குனவன் நீ. குத்தம் உனக்குத்தான். எனக்குச் சட்னி.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அன்று ராத்திரி நான் சட்னியைத் தொடவில்லை.

அக்கா வேலையைப் பார்க்க வந்தபோது, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். கடலைக் கொல்லைப் பெண் கேட்டது, நான் சொன்னது, டீக்கடை, எலுமிச்சம்பழம், கரி. அக்கா ஃபோனை எடுத்து வீட்டு மொழியில் நீளமாகப் பேசினார். நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். பேசி முடித்துவிட்டு, “நெசமாவே நீ சொன்னது இம்புட்டுதானா?” என்றார்.

“இம்புட்டுதான்க்கா.”

“மேல லெச்சுமி இருக்கா, கும்புடுறாக. நீ சொன்னதுக்காகவா கும்புடுறாக? உனக்கு ரொம்பத்தான் நெனப்பு, தம்பி.”

அவருடைய கவலை வேறாக இருந்தது. பழைய மெஸ்ஸில் அவர் கறிக் கோலா உருண்டைக்குப் பேர் போனவர். லட்சுமி வாசலில் கறி பரிமாறலாமா என்று யோசித்தார்.

“அக்கா, எங்க ஊருச் சாமிக கெடா வெட்டுனாத்தான் கண்ணையே தொறக்கும்,” என்றான் கூட்டாளி.

“இது லெச்சுமி, தம்பி.”

“லெச்சுமி ரோட்டைப் பாத்துல்ல உக்காந்திருக்கு. நாம முதுகுப் பக்கம் உக்காந்து சாப்புடுவோம்.”

அந்தப் பதில் அக்காவுக்குத் திருப்தியாக இருந்தது. எனக்கு எந்தப் பதிலும் திருப்தியாக இல்லை.

ஐப்பசியில் கடலை பிடுங்கினார்கள். கிரேனுக்கு வழி கிடைத்தது என்று எழுந்தால் மழை பிடித்துக்கொண்டது. கரிசலும் செம்மண்ணும் கலந்த அந்தக் கொல்லையில் ஆள் நடந்தாலே கணுக்கால் புதையும். கிரேன் போனால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். “மழை முடியட்டும்க்கா” என்று வாரம் தவறாமல் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலம்மன் நனைந்துகொண்டு நின்றாள். யாரோ ஒரு பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து லட்சுமிக்கு மேல் கூரை மாதிரிக் கட்டிவிட்டிருந்தார்கள்.

மார்கழியில் தரை இறுகியது. பின் சுவர், பக்கச் சுவர் எல்லாம் மளமளவென்று எழுந்தன. முற்றம் தெரிந்தது, அடுப்படி தெரிந்தது. கடைசியாக வாசலின் இரண்டு பக்கமும் பலகை நிற்க வேண்டும். வலது பக்கம் முடித்துவிட்டு இடது பக்கத்துக்கு வந்தபோதுதான் கூட்டாளி கையைக் காட்டிக் கிரேனை நிறுத்தினான்.

இடது நிலைக்காலில், தோள் உயரத்தில், மஞ்சளில் நனைத்த துணி ஒன்று சுற்றி முடியப்பட்டிருந்தது. உள்ளே ஒரு காசு. வேண்டுதல் முடிச்சு. துணி நிலைக்காலை முழுச் சுற்றாகச் சுற்றியிருந்தது. பலகை நிலைக்காலோடு ஒட்டி உட்கார வேண்டிய பக்கமும் அதில் சேர்த்தி.

“அவுத்துரு மாப்ள,” என்றேன்.

“நீயே அவுத்துரு.”

“நீதான் இந்தப் பக்கத்து ஆளு.”

“நீதான சாமிய உண்டாக்குனவன்.”

இருவரும் ஆளுக்கொரு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு ஒரு முழத் துணியைப் பார்த்தபடி நின்றோம். மேலே நகர்த்தலாமா என்று பார்த்தான். முழு உயரத்துக்கும் பலகை வருகிறது, எங்கே நகர்த்தினாலும் இடிக்கும். நான் கையைக் கொண்டுபோனேன். டன் கணக்கில் எடை உள்ள சுவரைத் தட்டி உட்காரவைக்கிற கை, முடிச்சுக்குப் பக்கத்தில் போனதும் தானாகத் திரும்பி வந்து சட்டைப் பைக்குள் போய்விட்டது.

யார் கட்டியது என்று கூட்டாளிக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடலைக் கொல்லைப் பெண்தான். கிரேன் சத்தம் கேட்டு அவரே ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

“தங்கச்சி, இதை அவுத்து வேற எங்கிட்டாச்சும் கட்டிக்கிறலாமா? நானே நல்ல எடமாப் பாத்துத் தாரேன்.”

“அவுக்கக் கூடாதுண்ணே. ஃபோன் வந்த பெறகுதான் அவுக்கணும்.”

“என்ன ஃபோன்?”

அவர் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “எங்க வீட்டுக்காரரு மலேசியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனாரு. டீக்கடைக்குப் பக்கத்துல இருக்குல்ல, அந்தக் கடை ஃபோனுக்குத்தான் பேசுவாரு. கோடையில இருந்து பேச்சு இல்ல.”

உடனே தொழில் புத்தி வேலை செய்தது. “சரி, அவுக்க வேணாம். துணி அப்படியே இருக்கட்டும். பலகையை அது மேலயே சேத்து நிப்பாட்டிப் பூசிர்றோம். பத்திரமா இருக்கும்.”

“பூசிட்டா எப்படிண்ணே அவுக்குறது? அவுக்க முடியாத முடிச்சா ஆயிருச்சுன்னா, அவரு பேசவே மாட்டாருன்னுல ஆகிரும்.”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தால் எல்லாம் சேர்ந்து கொட்டியது. “இது சாமியே இல்லம்மா. ஓட்டல் வாசல். அன்னைக்கி நீ கேட்டப்ப நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். அது இம்புட்டு தூரம் போகும்னு தெரியல. எந் தப்புதான்.”

“தெரியும்ணே. பல்லைக் காட்டிக்கிட்டுத்தான சொன்னீக.”

“பெறகு எதுக்கு இங்க வந்து கட்டுன?”

“ஊர்க்கோயில்ல கட்டுனா எதுக்குக் கட்டுனன்னு கேப்பாக. சொன்னா, அங்கேயே ஒருத்தியச் சேத்துக்கிட்டான்னு ஆளாளுக்குப் பேசுவாக. இங்க வர்றதெல்லாம் வெளியூரு ஆளுக. ஒருத்தரும் கேக்கல. நீங்கதாண்ணே மொத ஆளு.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். தூக்குவாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டு, நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று பார்த்து நின்றார். கிரேன்காரர் மேலே உட்கார்ந்து ஹார்ன் அடித்தார்.

பலகையையும் அதை ஒட்டிய பக்கச் சுவரையும் நாலு விரல் தள்ளி நிறுத்தினால் முடிச்சு தப்பிக்கும், பின்னால் கைவிட்டு அவிழ்க்கவும் முடியும். ஆனால் உள்ளளவு இருபது அடி நாலு விரல் ஆகிவிடும். அக்கா டேப்போடு வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருத்தர் வேண்டுதலைக் காப்பாற்ற இன்னொருத்தர் சாஸ்திரத்தைக் கெடுப்பதா? ஒரே வழி, நாலு விரல் அகலம் குறைந்த பலகை ஒன்றைப் புதிதாக வார்ப்பது. வார்த்து, நனைத்து, இறுக விட்டுக் கொண்டுவருவதற்குள் கடை திறக்கக் குறித்திருந்த தை முகூர்த்தம் போய்விடும்.

“கிரேனை அனுப்பிரு மாப்ள,” என்றேன்.

“அக்காட்ட யாரு சொல்றது?”

“நான்தான்.”

“அப்பச் சரி. நான் சோத்துக்குப் போறேன்.”

மதுரைக்குப் போகிற வழி முழுவதும் பஸ்ஸில் பேச்சை ஒத்திகை பார்த்தேன். மேலூரில் ஒரு பேச்சு, ஒத்தக்கடையில் ஒரு பேச்சு. மாட்டுத்தாவணியில் இறங்கும்போது எல்லாம் மறந்துவிட்டது. அக்கா வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே சொன்னதால் பாதி சட்டையில் போயிற்று. தை மாதம் கடை திறப்பதாக அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். சமையல் மாஸ்டருக்கு நாள் சொல்லியாயிற்று. அழைப்பிதழ் மட்டும்தான் பாக்கி.

அக்கா கேட்டு முடித்தார். ஃபோனை எடுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

“அந்தப் பொண்ணுக்கு அது சாமி இல்லன்னு தெரியுமா?”

“தெரியும்னுச்சு.”

“தெரிஞ்சும் கட்டிருக்கா.” காலி டம்ளரை என்னிடமிருந்து வாங்கி வைத்தார். “வீடே இல்லாத வாசலுக்கு ஒருத்தி நம்பி வந்திருக்கா, தம்பி. நான் கட்டடமும் கட்டி, கோலா உருண்டையும் போட்டு, வாங்க வாங்கன்னு கூப்புட்டாலும் ஆளு வருமான்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். மொதல்ல வந்தவள வாசல்ல வச்சே வெரட்டச் சொல்றியா?”

“இல்லக்கா.”

“மாசியில தொறப்போம். இருபது அடி மட்டும் மாறக் கூடாது.”

“மாறாதுக்கா.”

அந்த ஒல்லிப் பலகையை ஆட்களிடம் விடாமல் நானே வார்த்தேன். சாக்கை நானே நனைத்தேன். ஷெட்டில் எல்லோரும் அதற்கு ‘மருமகன்’ என்று பேர் வைத்துவிட்டார்கள், அம்புட்டுக் கவனிப்பு. மாசியில் அதை நிறுத்தினோம். நிலைக்காலுக்கும் பலகைக்கும் நடுவில் நாலு விரல் வெளிச்சம், தரையிலிருந்து மேல் சட்டம் வரை. நடுவில் மஞ்சள் முடிச்சு. அக்கா டேப்பை எடுத்து உள்ளளவைப் பார்த்தார். இருபது. முடிச்சை ஒருமுறை பார்த்தார். அதற்கும் கொஞ்சம் குங்குமம் வைத்துவிட்டு உள்ளே போனார்.

வாசலுக்குப் பின்னால் கட்டடம் வந்ததும் வாசலம்மனைக் கும்பிட வருவது தானாகக் குறைந்தது. லாரிக்காரர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கடை நன்றாகவே போயிற்று. மத்தியான வெயிலிலும் முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் மின்விசிறியைத் தேடவில்லை. அந்த இடைவெளி வழியாக ரோட்டுப் புழுதி வரும், சாரல் வரும். யாராவது கேட்டால், “காத்து வரட்டும்னு விட்டுருக்கோம்” என்பார் அக்கா. ஒருமுறை ஏதோ கல்லூரியிலிருந்து கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓர் ஆசிரியர் வந்தார். முற்றத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். வாசலுக்கு வந்து, காற்றின் திசையைக் கணக்குப் போட்டு நிலைக்காலை ஒட்டி விடப்பட்ட துளை இது என்று அழகாக விளக்கினார். பிள்ளைகள் படம் வரைந்துகொண்டார்கள். இந்த முறை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததும் உறுத்தியது.

நான் சாப்பிடப் போகும்போதெல்லாம் முதலில் முடிச்சைப் பார்ப்பேன். வெயிலில் மஞ்சள் போய்ச் சாக்கு நிறத்துக்கு வந்திருந்தது. அது இருந்தால் ஃபோன் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இது என்ன கணக்கோ, ஒவ்வொரு முறையும் ஃபோன் வராததற்கு நானே காரணம் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவேன். ஒரு தோசை அதிகமாகவும் சாப்பிடுவேன். பயத்தில் எனக்குப் பசிக்கும்.

ஒருநாள் மத்தியானம் போனபோது முடிச்சு இல்லை. கீழே விழுந்திருக்குமோ என்று குனிந்து தேடினேன். நிலைக்காலில் துணி சுற்றியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் ஒரு பட்டையாகத் தெரிந்தது.

“அக்கா, துணி?”

“வந்தா. அவுத்தா. ஒரு டீ குடிச்சா. போனா.”

“ஃபோன் வந்துருச்சாமா?”

“நான் கேக்கல.”

“மொகம் எப்படிக்கா இருந்துச்சு?”

“டீ குடிக்கிற மொகம் மாதிரி இருந்துச்சு.” கல்லாவிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “வேணும்னா நீ போயிக் கேளு. ரோட்டைத் தாண்டுனா ஊரு.”

நான் ரோட்டைத் தாண்டினேன். டீக்கடை வரைக்கும் போனேன். பக்கத்தில் ஃபோன் கடை. ஊருக்குள் போகிற மண்பாதை வளைந்து போனது. ஒரு டீ சொல்லிக் குடித்தேன். அவர் புருஷன் பேசியிருந்தால், நான் போய்க் கேட்பதில் தப்பில்லை. இனி பேச மாட்டான் என்று அவரே முடிவு பண்ணி அவிழ்த்திருந்தால்? அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க ஏற்கெனவே ஊர் நிறைய ஆள் இருக்கிறது. இன்னொரு டீ சொன்னேன். அதையும் குடித்துவிட்டு மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன். விசாரித்துச் சொல்லட்டுமா என்று கூட்டாளி கேட்டான். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை என்று ஒரு நாள் உறுத்துகிறது. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மறுநாள் உறுத்துகிறது.

நாலு வழிச் சாலை வந்தது. ஓட்டலுக்கு முன்னால் இருந்த புளியமரங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். கட்டடத்தைக் கழற்ற வேண்டிய வேலை வரவில்லை. வண்டிகள் கூடியதால் புழுதிதான் கூடியது. நிலைக்காலை ஒட்டிய இடைவெளியை அடைத்துவிடச் சொல்லி அக்கா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாலு விரல் பட்டை ஒன்றை வார்த்துச் செருகினால் போதும். அரை நாள் வேலை.

“மழை முடியட்டும்க்கா,” என்றேன் போன தடவை.

“மழை பெஞ்சே ரெண்டு வருசமாச்சு, தம்பி.”

சரிக்கா என்று டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அளவு பார்த்தேன். கையை உள்ளே விட்டு, அந்த வெளுக்காத பட்டைக்குப் பின்பக்கம் வரை கொண்டுபோய் எடுத்தேன். இன்னொருத்தர் வந்து முடிச்சுப் போட்டாலும் அவிழ்க்கலாம், தாராளமாகப் போய் வந்தது. அளவைக் குறித்துக்கொள்ளாமல் உள்ளே போய் ஒரு தோசை சொன்னேன்.